ஒன்று விட்டு மொட்டை

முப்பத்தேழு வருஷமாக ஊர் ஜனம் அவரிடம் தலையைக் கொடுத்துவிட்டு நிம்மதியாகக் கண்ணை மூடுகிறது. தொண்டைக்குழிக்குப் பக்கத்தில் சவரக்கத்தி போகும்போதுகூடச் சிலர் குறட்டை விடுவார்கள். அப்படிப்பட்ட சலூன்காரரிடம் ஒரு வீட்டுச் சாவியை நம்பிக் கொடுக்க அவருடைய சொந்த அக்காவுக்கு நாற்பத்தெட்டு வருஷம் ஆயிற்று.

காரணம் ஒரு பின்னல். அவருக்குப் பதினொரு வயது, அக்காவுக்குப் பதினைந்து. மறுநாள் பள்ளிக்கூடத்தில் வகுப்புப் போட்டோ. அக்கா மத்தியானத் தூக்கத்தில் இருந்தாள். அப்பாவின் புதுக் கத்தரி மேஜைமேல் இருந்தது. பின்னல் கட்டிலுக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. வெட்டினால் என்ன சத்தம் வரும் என்று பார்க்கத்தான் வெட்டினேன் என்று அவர் அன்றைக்குச் சொன்னார், இன்றைக்கும் அதைத்தான் சொல்கிறார். அந்தப் போட்டோவில் அக்கா கடைசி வரிசையில், பக்கத்துப் பெண்ணின் தோளுக்குப் பின்னால் பாதி முகத்தோடு நிற்கிறாள். 'கத்தரி' என்ற பட்டப்பெயர் அன்றைக்கு ஒட்டியது. பிறகு பிழைப்பும் அதுவாகவே அமைந்துபோனதால் யாரும் அதை உரித்தெடுக்க நினைக்கவில்லை. ஊரில் பாதித் தலை அவர் கையில் என்றாலும், அக்கா மட்டும் முடி வெட்ட இரண்டு பஸ் மாறி வேறொரு கடைக்குப் போய்வருவாள்.

அக்கா ஓர் அச்சகத்தில் புரூஃப் பார்த்து ஓய்வு பெற்றவள். சிவப்புப் பேனாவும் கையுமாக முப்பது வருஷம். அதனால் யார் பேசினாலும் அவள் காதில் எழுத்தாகத்தான் விழும். 'முற்றிலும் முழுமையாக' என்று யாராவது சொன்னால், ரெண்டில் ஒன்றை எடு என்பாள். வேண்டாத ஒரு சொல்லை எழுதுவது வாசிக்கிறவனின் சட்டையில் மை தெளிப்பதற்குச் சமம் என்பது அவள் கட்சி. வியாழக்கிழமை சலூனுக்கு விடுமுறை. அன்று கத்தரிக்கு அக்கா வீட்டில்தான் சாப்பாடு. சாப்பாட்டோடு திட்டும் உண்டு: சட்டைப் பித்தான், வாங்கிப்போட்ட மருந்தை விழுங்காதது, போன வாரம் சொன்னதை மறந்தது. மனைவி போன பிறகு கடைக்கு மேலே ஒற்றை அறையில் தனியாக இருக்கிற மனுஷனுக்கு வாரத்தில் அந்த ஒரு நாள்தான் யாரோ தன்னைக் கவனிக்கிறார்கள் என்று தெரியும் நாள். அதை அவர் வாய்விட்டுச் சொன்னதில்லை. புதன்கிழமை இரவே சட்டையில் ஒரு பித்தானைத் தளர்த்தி வைப்பாரோ என்னவோ, வியாழக்கிழமை தவறாமல் ஒன்று தொங்கிக்கொண்டிருக்கும்.

அக்கா வீட்டுக்குப் பின்னால் நாலடி அகலத்தில் ஒரு துண்டு மண். இந்தப் பக்கம் வீட்டுச் சுவர், அந்தப் பக்கம் ஒரு கிடங்கின் மூன்று மாடிச் சுவர். வெயில் அங்கே விருந்தாளி. உச்சிக் கோடையில் நடுப்பகலில் இருபது நிமிஷம் தலையைக் காட்டிவிட்டுப் போய்விடும். ஓய்வு பெற்ற புதிதில் அக்கா அங்கே மூன்று ரோஜா வைத்தாள். மூன்றும் வெளிச்சம் தேடி ஒட்டடைக்குச்சி மாதிரி வளர்ந்து, ஒன்றன்பின் ஒன்றாகப் போய்ச் சேர்ந்தன. சிமெண்டு பூசிவிடலாம் என்று முடிவெடுத்திருந்த நேரத்தில்தான் நர்சரிக்காரம்மா அந்தச் செடியைத் தலையில் கட்டினார். கமேலியா.

"இது வெயிலக் கண்டா மூஞ்சியச் சுளிக்கும். நிழல்ல விடுங்க, பாத்துக்கும். வருஷம் முழுக்கப் பச்சையா இருக்கும், குளிர்ல வேற எதுவும் பூக்காதப்ப பூக்கும். டீ செடி இருக்கில்ல, அதுக்கு ஒண்ணுவிட்ட தங்கச்சி" என்றாராம்.

வளர்ப்பது ஒரு வேலையே இல்லை என்று அந்தம்மா அடித்துச் சொன்னார். ஆழமாகப் புதைக்கக் கூடாது, வேர் மேலாகவே மூச்சு விடும். அடியில் தண்ணீர் தேங்கக் கூடாது. குழாய்த் தண்ணீரின் சுண்ணாம்பு அதற்கு ஆகாது, மழைத் தண்ணீரைப் பிடித்து ஊற்றினால் சமர்த்தாக இருக்கும். மட்கிய இலையை வேருக்கு மேலே ஒரு போர்வை மாதிரி பரப்பிவிட்டால் போதும், அதுவே சாப்பாடு, அதுவே கம்பளி. வெட்ட வேண்டியது அநேகமாக இல்லவே இல்லை. சலூனில் கூட்டுகிற முடியைக் கொண்டுவந்து வேருக்குப் போடட்டுமா, உரம் என்கிறார்களே என்று கத்தரி ஆசையாகக் கேட்டார். ஊர்க்காரன் தலையில் இருந்ததெல்லாம் என் வீட்டுக்கு வேண்டாம் என்று அக்கா சொல்லிவிட்டாள்.

செடி வளர்ந்தது. எண்ணெய் தடவித் துடைத்ததுபோல் கரும்பச்சை இலைகள், சன்னல் உயரம், அப்புறம் கத்தரியின் தோள் உயரம். பூ மட்டும் இல்லை. மூன்றாம் வருஷம் இரண்டு மொட்டு வந்தது. கோடை முடிவில் மண் ஒரு வாரம் காய்ந்துபோக, இரண்டும் கோபித்துக்கொண்டு விழுந்துவிட்டன. ஐந்தாம் வருஷம், அதாவது இந்த வருஷம், கிளைக்குக் கிளை கொத்துக் கொத்தாக மொட்டு. அக்கா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து எண்ணினாள். அறுபது தாண்டியதும் நிறுத்திவிட்டாள். கண் பட்டுவிடும் என்று பயந்திருப்பாள், ஒப்புக்கொள்ள மாட்டாள்.

அந்தச் சமயம் பார்த்துத்தான் முழங்கால் காலை வாரியது. இரண்டு மூட்டையும் மாற்ற வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மகள் வேறு ஊரில், ரயிலில் மூன்று மணி நேரம். அவள் வந்து பெட்டி கட்டும்போதே பேச்சை எடுத்தாள்: அம்மா தனியாக இருந்தது போதும், ஆபரேஷனுக்கு வருவது அப்படியே வந்ததாக இருக்கட்டும், வீட்டைக் காலி செய்துவிடலாம். அக்கா ஒரு தாளில் புரூஃப் பார்ப்பதுபோல மகளின் பேச்சை முடியும்வரை கேட்டாள். பிறகு, பன்னிரண்டு வாரம் கழித்து வந்து பார்க்கிறேன் என்றாள். வீடும் செடியும் விட்டபடி இருந்தால், அவசரத்துக்குக் கைகொடுக்கத் தம்பி இருக்கிறான் என்று அர்த்தம், நான் இங்கேயே இருப்பேன். இல்லையென்றால் நீ சொல்கிறபடி.

மகளுக்கு மாமாமேல் கொள்ளைப் பிரியம். ஆனாலும் உண்மையை மறைக்கத் தெரியாத பெண்.

"மாமாவ நம்பியாம்மா?" என்றாள், மாமாவை வைத்துக்கொண்டே.

"நம்பலடி. பாக்கலாம்னுதான்."

சாவி கத்தரியின் சட்டைப் பைக்கு வந்த கதை இதுதான். அன்று சாப்பிடும்போதே சாவியை நாலு தரம் தொட்டுப் பார்த்தார். இதைத் தொலைத்தால் தொலைவது சாவி இல்லை, வியாழக்கிழமை என்று அவருக்கு நன்றாகத் தெரியும்.

அக்கா சும்மா போகவில்லை. வீடு முழுக்கச் சீட்டு ஒட்டிவிட்டுப் போனாள். மொத்தம் பதினாலு. குழாய்மேல்: 'இடப்பக்கம் திருகு. அழுத்தாதே.' குளிர்பெட்டிமேல்: 'காலி. திறக்காதே.' தபால்பெட்டியில்: 'எடு. படிக்காதே.' பின்கதவில் இரண்டு. ஒன்று: 'செடி. மழைத் தண்ணீர் மட்டும். மண்ணைத் தொட்டுப் பார்த்து ஊற்று.' அதற்குக் கீழே மற்றொன்று: 'செடி. ஐந்தாம் வாரம். ஒன்று விட்டு மொட்டை எடுத்துவிடு.'

ரயில் ஏறும்போது சன்னல் வழியாகக் கடைசிக் கட்டளை ஒன்று வந்தது: சீட்டில் எழுதியிருக்கிறதைக் கேட்டு போன் பண்ணாதே, எழுதியது அதற்குத்தான்.

நாலு வாரம் கத்தரி பள்ளிக்கூடப் பையன் மாதிரி நடந்துகொண்டார். குழாயை அழுத்தவில்லை. காலிக் குளிர்பெட்டியைத் திறக்கக் கை துறுதுறுத்தது, திறக்கவில்லை. மண்ணைத் தொட்டுப் பார்க்கச் சொன்னதால் விரலை மட்கிய இலைக்குள் விட்டுப் பார்த்து, ஈரம் இருந்தால் வாளியைக் கீழே வைத்துவிட்டு வந்தார். ஞாயிற்றுக்கிழமை போனில் அக்கா கேட்கும் எல்லாக் கேள்விக்கும் பதில் இருந்தது. நடுநடுவே அவள் மௌனமானாள். திட்ட எதுவும் கிடைக்காமல் அவள் தவிப்பது அவருக்குப் புரிந்தது. பெருமையாகவும் இருந்தது, கொஞ்சம் பாவமாகவும் இருந்தது.

ஐந்தாம் வாரம் வியாழக்கிழமை பின்கதவுச் சீட்டின் முன் நின்று சத்தமாகப் படித்தார். ஒன்று விட்டு மொட்டை எடுத்துவிடு.

இவ்வளவு அழகான செடியை எதற்கு மொட்டை அடிப்பது? மனசுக்கு ஒப்பவில்லை. ஆனால் செடி விஷயம் தனக்கு என்ன தெரியும்? தெருமுனைப் பூங்காவில் வேலியை ஒட்ட வெட்டிவிடுகிறார்கள், மறுபடி புசுபுசுவென்று வருகிறது. முடியும் அப்படித்தான். மெலிந்த முடியை ஒருதரம் வழித்துவிட்டால் அடர்ந்து வரும் என்று அவரே ஆயிரம் பேரிடம் சொல்லியிருக்கிறார், வந்ததா என்று பார்த்ததில்லை. போன் பண்ணலாம். பண்ணினால், எழுதியதைக் கேட்காதே என்றேனே என்று முதல் திட்டு விழும், நாலு வார மானம் ஒரு நிமிஷத்தில் போகும். அக்கா எழுதினால் தப்பாக எழுதுவாளா? ஊரார் எழுதிய தப்பையெல்லாம் முப்பது வருஷம் பிடித்தவள். மொட்டை என்றால் மொட்டைதான். அவர் தொழிலில் அதற்கு வேறு அர்த்தம் கிடையாது.

'ஒன்று விட்டு' என்பதுதான் கொஞ்சம் யோசிக்க வைத்தது. ஒரு கிளையை விட்டுவிடு என்கிறாள், குடுமி மாதிரி. எந்தக் கிளையை? இங்கேதான் கத்தரியின் தொழில் சுத்தத்தைச் சொல்ல வேண்டும். வெட்டுகிறவன் நிற்கும் இடத்திலிருந்து பார்த்து ஒருநாளும் அவர் வெட்டியதில்லை. உட்கார்ந்திருப்பவர் கண்ணாடியில் என்ன பார்க்கிறாரோ அதைப் பார்த்துத்தான் வெட்டுவார். ஆகவே உள்ளே போய், அக்காவின் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து, அவள் உயரத்துக்குக் கழுத்தைத் தாழ்த்தி, சன்னல் வழியாகப் பார்த்தார். கம்பிக்கு நேராக ஒரு கிளை இந்தப் பக்கமே வளைந்து நின்றது. அது இருக்கட்டும்.

கடையிலிருந்து வெள்ளைத் துணியைக் கொண்டுவந்து செடியின் அடியில் சுற்றி விரித்தார், மண்ணில் குப்பை விழக் கூடாது என்று. அப்புறம் வேலையில் இறங்கினார். சின்னக் கிளைக்குக் கத்தரி, பெரிய கிளைக்கு ரம்பம். ஒரு மணி நேரத்தில் முழங்கால் உயரத்தில் ஏழெட்டுக் கட்டைகளும், ஒற்றைக் குடுமியும் நின்றன. பழக்கதோஷத்தில் தண்ணீர்ப் புட்டியால் பீய்ச்சிவிட்டு, துணியை உதறி மடித்தார். சுத்தமான வேலை. அவருக்கே திருப்தியாக இருந்தது.

ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி. வெட்டிய இடங்கள் வெள்ளையாக, ஈரமாக இருந்தன. வழியில் நர்சரி. வெட்டிய கிளை ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு போய், சாக்கில் மண் அள்ளிக்கொண்டிருந்த நர்சரிக்காரம்மாவிடம் கேட்டார்.

"ஏம்மா, செடிய ஷேவ் பண்ணினா வெட்டின எடத்துல படிகாரம் தேய்க்கணுமா?"

அந்தம்மா கிளையை வாங்கிப் பார்த்தார். அதிலிருந்த மொட்டுகளைப் பார்த்தார். மண் சாக்கின்மேல் மெதுவாக உட்கார்ந்தார்.

யார் வெட்டச் சொன்னது, இது மொட்டு விட்டு நிற்கிற காலமாயிற்றே என்று கேட்டதற்கு, கத்தரி சட்டைப் பையிலிருந்து சீட்டை எடுத்து நீட்டினார். சந்தேகத்துக்கு இருக்கட்டும் என்று பிய்த்துக்கொண்டு வந்திருந்தார். அந்தம்மா அதை ஒருதரம் படித்தார். இன்னொருதரம் உதட்டை அசைத்துப் படித்தார். அப்புறம் தோள் குலுங்கியது. சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"அண்ணா, இது உங்க மொட்டை இல்லண்ணா. பூவுக்கு முன்னால வருமே, மொட்டு. மொட்டு, ஐ. மொட்டை."

கொத்தில் நாலைந்து மொட்டு நெருக்கியடித்துக்கொண்டு நின்றால் எல்லாம் சிறுத்துப்போகும், சிலது விரியாமலே உதிரும். அதனால் கொத்துக்கு ஒன்றை விட்டு மற்றதைக் கிள்ளிவிடுவது வழக்கம், அக்காவுக்கு நான்தான் சொல்லிக்கொடுத்தேன் என்றார். கத்தரி அங்கேயே நின்றார். இரண்டாம் வேற்றுமை பள்ளிக்கூடத்தில் ஒருதரம் அவரைக் கீழே தள்ளி, அதே வகுப்பில் இன்னொரு வருஷம் உட்கார வைத்தது. அதோடு தொல்லை விட்டது என்று இருந்தார். இத்தனை வருஷம் பதுங்கியிருந்து இப்போது வந்து மறுபடி தள்ளியிருக்கிறது.

"செத்துடுமா?" என்று கேட்டார்.

சாகாது என்றார் அந்தம்மா. கெட்டியான ஜாதி, அடிக்கட்டையிலிருந்தே துளிர்க்கும், ஆனால் குளிர் போக வேண்டும். இந்த வருஷப் பூ போனது போனதுதான். பழைய உருவத்துக்கு வர இரண்டு மூன்று வருஷம் பிடிக்கும்.

"நான் இப்ப என்ன செய்யணும்?"

"ஒண்ணும் செய்யாதீங்க."

"உரம் கிரம்?"

"வேணாம்."

"தண்ணி கொஞ்சம் கூட?"

"அண்ணா, இலையே இல்லாத செடி எத்தனை தண்ணிதான் குடிக்கும்? முன்னவிடக் கொறைங்க. சும்மா விடுங்க. அதுக்குப் புடிச்சதே அதுதான்."

தப்புப் பண்ணின மனுஷனுக்கு இதைவிடப் பெரிய தண்டனை யாரும் கண்டுபிடிக்கவில்லை. எதையாவது தூக்கிச் சுமக்கச் சொன்னால் சுமப்பார். ராப்பகலாகக் காவல் இருக்கச் சொன்னால் இருப்பார். ஒன்றும் செய்யாதே என்றால்? ஒரே ஒரு வேலைதான் கிடைத்தது. குடுமிக் கிளையில் பதினொரு மொட்டு இருந்தது. உருண்டு தடித்திருந்தால் பூமொட்டு, ஒல்லியாகக் கூராக இருந்தால் இலைமொட்டு, அதைத் தொடாதீர்கள் என்று அந்தம்மா பிரித்துக் காட்டியிருந்தார். மூக்குமுடி வெட்டும் குட்டிக் கத்தரியோடு அவர் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கொத்துக்கு ஒன்று விட்டு, மொட்டை எடுத்தார். இந்தத் தடவை இலக்கணப்படி. நாலு மிஞ்சியது.

அதற்குப் பிறகு தினமும் கடை திறக்கும் முன்னே போய்ப் பார்ப்பதும், ஒன்றும் செய்யாமல் திரும்புவதுமாக நாள் போயிற்று. ஞாயிற்றுக்கிழமை போன்தான் பெரிய கண்டமாக இருந்தது. பொய் சொல்ல அவருக்கு வராது. அக்காவிடம் சொன்னால் நிற்கவும் நிற்காது. ஆனால் உண்மையை வகிடெடுத்துச் சீவத் தெரியும். செடி எப்படி இருக்கிறது என்று கேட்டால், காற்றாட இருக்கிறது என்றார். மொட்டு எடுத்தாயா என்றால், எடுத்தேன் என்றார். நிறைய எடுத்தாயோ என்றால், நீ எழுதினபடிதான் என்றார். சன்னலை அடைக்கிறதா என்று ஒருநாள் கேட்டாள்.

"இல்லக்கா, இப்ப நல்ல வெளிச்சம்" என்றார், மனதார.

ஒவ்வொரு தரமும் போனை வைத்ததும் சொல்லியிருக்கலாம் என்று இருக்கும். சொல்ல வாயெடுத்தால் பின்னால் மகளின் குரல் கேட்கும். அந்தப் பெண் காதில் விழுந்தால் அன்றைக்கே வீட்டைக் காலி செய்ய ஆள் அனுப்பிவிடுவாள் என்று அடக்கிக்கொள்வார். ஏழாம் வாரம் நாலில் ஒரு மொட்டு பழுப்பேறி விழுந்தது. அன்று கடையில் ஒருவருக்கு ஒரு பக்க மீசையை அதிகமாக எடுத்துவிட்டு, சமன் பண்ணச் சமன் பண்ண மீசையே இல்லாமல் அனுப்பினார். ஒன்பதாம் வாரம் குளிர் இறங்கியது. மிச்ச மூன்றில் ஒன்றின் நுனியில் ஊசிமுனை அளவு சிவப்பு தெரிந்தது. அவர் மூச்சுப் படாமல் தள்ளி நின்று பார்த்தார்.

பன்னிரண்டாம் வாரம், வருவதற்கு முந்தின நாள், கத்தரி வீட்டைத் துடைத்துவிட்டு, சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து தானும் ஒரு சீட்டு எழுதினார். ஏழு தாள் கிழிந்தது. எட்டாவதை வாசல் கதவின் உள்பக்கம், நுழைந்ததும் கண்ணில் படுகிற மாதிரி ஒட்டினார். நேரில் சொன்னால் நடுவில் உளறிவிடுவோம். எழுத்து என்றால் அவள் முடியும்வரை படிப்பாள்.

'அக்கா. நீ எழுதின மாதிரியே செய்தேன். நீ எழுதினது அது இல்லை என்று பிறகுதான் தெரிந்தது. முளைக்கும் என்று சொல்கிறார்கள். சாவி மேஜைமேல்.'

மறுநாள் கத்தரி கதவைத் திறந்துவைத்து, சாவியை மேஜைமேல் வைத்துவிட்டுக் காத்திருக்க, டாக்சி வந்து நின்றது. அக்கா கைத்தடியோடு, ஒவ்வொரு படியாகக் கால் எடுத்து வைத்து ஏறினாள். மகள் பின்னால் பையோடு. உள்ளே வந்ததும் அக்கா கதவில் சீட்டைப் பார்த்தாள். மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தாள். தடி தட்டத் தட்ட நேரே சாய்வு நாற்காலிக்குப் போய் உட்கார்ந்தாள். சன்னலைப் பார்த்தாள்.

வெளியே கட்டை கட்டையாக மொட்டைச் செடி. பன்னிரண்டு வாரத்துக்கு முன் இலையால் அடைத்திருந்த சன்னலில் இப்போது கிடங்குச் சுவர் வெறிச்சென்று தெரிந்தது. அதன் நடுவில், கம்பிக்கு நேராக, அவள் கண் உயரத்தில், ஒற்றைக் கிளை. அதில் ஒரு பூ. உள்ளங்கை அகலத்துக்கு, அடுக்கடுக்காக, அவ்வளவு சிவப்பு. பக்கத்தில் இன்னும் இரண்டு மொட்டு வாய் திறக்கக் காத்திருந்தன.

"என்ன மாமா இது?" என்றாள் மகள். அவளுக்குச் சிரிப்பதா திட்டுவதா என்று தெரியவில்லை. "அம்மா, நான் அப்பவே சொன்னேன்ல."

கத்தரி சட்டைப் பையிலிருந்து அந்தப் பழைய சீட்டை எடுத்து அக்கா கையில் கொடுத்தார். ஏழு வாரம் பையிலேயே இருந்து மடிப்பு கிழிந்திருந்தது. அக்கா தன் கையெழுத்தைப் படித்தாள். அவள் புருவம் முதலில் வலப்பக்கமும் பிறகு இடப்பக்கமும் ஏறியது. புரூஃப் பார்க்கும்போது தப்பு கண்ணில் பட்டால் அப்படித்தான் ஏறும் என்று கத்தரிக்குத் தெரியும். என் சீட்டில் எத்தனை பிழையோ, இப்போது சிவப்புப் பேனாவைக் கேட்கப்போகிறாள் என்று நினைத்தார். கேட்டாள். மகள் அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தாள்.

அக்கா அவருடைய சீட்டைத் தொடவில்லை. தன் சீட்டைத் தொடையில் வைத்து, 'ஒன்று' என்பதற்கு முன்னால் சொல் சேர்க்கும் குறியாகச் சின்னதாக ஒரு கூரை போட்டு, மேலே 'கொத்துக்கு' என்று எழுதினாள். 'மொட்டை' என்பதை ஒரு கோடு அடித்து, 'மொட்டுகளை' என்று திருத்தினாள். ஓரத்தில் கையெழுத்துப் போட்டாள், அச்சகத்தில் போடுகிற மாதிரி.

"மொதல்ல கொத்துக்குன்னுதான் எழுதியிருந்தேன்" என்றாள், சன்னலைப் பார்த்தபடி. "அதிகப்படியா இருக்கேன்னு எடுத்தேன். 'கள்'ளையும் எடுத்தேன்." மகள் பக்கம் திரும்பினாள். "தப்பு என்னுது."

அந்த இரண்டு சொல்லையும் ஒன்றாகச் சேர்த்து அம்மா வாயிலிருந்து மகள் கேட்டதே இல்லை. கத்தரியும் கேட்டதில்லை. அதைக் கேட்டு அவருக்கு நிம்மதி வரவில்லை, பயம்தான் வந்தது. கூட ஏதோ ஆபரேஷன் பண்ணிவிட்டார்களோ என்று.

"அந்தக் கிளைய ஏன்டா விட்டே?" என்று கேட்டாள் அக்கா.

"நீ உக்கார்ற எடத்துலேர்ந்து அதுதான் தெரிஞ்சுது."

"இங்க உக்காந்து பாத்தியா?"

"ம்."

அக்கா பூவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் தலையில் கட்டியிருந்த கம்பளித் துணியை அவிழ்த்தாள். மூன்று மாசம் படுக்கையும் தலையணையுமாகக் கிடந்த முடி, நுனியெல்லாம் பிரிந்து தோளில் சிடுக்காக விழுந்தது. இந்தக் காலோடு இரண்டு பஸ் மாறிப் போக முடியாது என்று சுவரிடம் சொல்வதுபோலச் சொன்னாள்.

"பொட்டி கொண்டாந்திருக்கியா?"

கத்தரிக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் ஓடினார். முப்பத்தேழு வருஷத்தில் எந்தத் தலைக்கும் அப்படி ஓடியதில்லை. கடையிலிருந்து பெட்டியை எடுத்து வந்தார். அதே வெள்ளைத் துணியை உதறி அவள் கழுத்தைச் சுற்றிக் கட்டினார். தண்ணீர்ப் புட்டியால் முடியை நனைத்தார்.

"நுனி மட்டும்" என்றாள். "எழுதித் தரட்டுமா?"

"வேணாங்கா. வாயாலயே சொல்லு. ரெண்டு தரம் சொல்லு."

சீப்பு சிடுக்கை மெல்ல மெல்லப் பிரித்தது. முதல் வெட்டு விழுந்தபோது இருவருக்கும் அந்தச் சத்தம் கேட்டது. அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். ஊர் ஜனம் மூடுவதுபோலவே மூடினாள் என்று கத்தரி கவனித்தார், அடுத்த வெட்டுக்குப் போனார்.

மகள் மேஜைமேல் கிடந்த சாவியை எடுத்து விரலில் சுற்றிக்கொண்டே வந்து நின்றாள். "அப்போ எப்பம்மா கெளம்பறோம்? நாளைக்கா, நாளன்னிக்கா? இல்ல, இங்கயேதான் இருக்கப்போறியா? அதையாவது சொல்லு."

அக்கா கண்ணைத் திறக்கவில்லை.

"இவன் தலைய ஆட்டக் கூடாதுங்கறான்" என்றாள். "அந்தச் சாவிய அவன் பையில போடு."